கவிதாவின் கோப்பிலிருந்து ஒரு தாள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. குடை பிடித்தும் முதுகு நனைந்தது. கட்கி பஜார் முனைக்குக் கம்பெனி பஸ் பத்து நிமிடம் தாமதம். வாகோலியில் வழக்கமான நெரிசல். ரஞ்சன்காவ் ஃபேக்டரி போய்ச் சேர 8.20.

செய்ய வேண்டியவை: சாமுவேல் மழைக்கோட்டுக்கு ஜிப். ஜெனி கல்லூரிப் படிவம், போட்டோ. புளி.

இந்த நோட்டை எடுத்து எத்தனையோ மாதம். தமிழில் எழுதுவதில் ஒரு வசதி. மகள் ஜெனிக்குத் தமிழ் பேசவே தடுமாற்றம், படிக்க சுத்தமாக வராது. அவள் அப்பா சாமுவேல் எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஒரு பக்கத்துக்குள் கொட்டாவி வந்துவிடும். இந்த வீட்டில் இதைவிடப் பத்திரமான பூட்டு இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் லேப் பொறுப்பாளர் குல்கர்ணி சார் மாதக் கடைசியில் ஓய்வு. அந்த இடம் எனக்கு என்று நினைத்திருந்தேன். நினைத்தது நான் மட்டும். பதினான்கு வருடம். நாங்கள் சோதிப்பது வண்டிகளுக்குப் போகும் ரப்பர் குழாய். கட்டைவிரலால் அழுத்தியே எவ்வளவு கெட்டி என்று சொல்வேன், மெஷின் பிறகு அதையே காட்டும். இன்று மேனேஜர் பாட்டீல் சார் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். வியாழக்கிழமை வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வருகிறார். போன மாதம் புகார் வந்த குழாய்களின் சோதனைத் தாள்களைப் பார்க்கத்தான் வருகிறார். அவருக்கு விளக்கப் போவது கவிதா.

கவிதா தூத்துக்குடிக்காரி. இருபத்தெட்டு வயது. கல்யாணமாகிப் புனே வந்து இரண்டு வருடம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மெஷின் சத்தத்துக்கே பயந்தவள். நான்தான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். பஸ்ஸில் என் பக்கத்து ஸீட் அவளுக்கு.

இனி க. என்று மட்டும் எழுதுகிறேன். முழுப் பெயர் எழுத மனம் வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை, ஃபேன் அடியில் போட்டேன்.

க.வைப் பற்றி எனக்குப் பொறுக்காதவை:

டிப்ளமா. சரி, அது படித்து வாங்கியது.

மராத்தி. நான் கட்கியிலேயே பிறந்தவள். என் மராத்தியில் ஒரு பிழை காட்ட முடியாது. பதினான்கு வருடத்தில் ஒருவராவது "ஷீலா மேடம், நன்றாகப் பேசுகிறீர்கள்" என்றதில்லை. இவள் ஆணைப் பெண் ஆக்கி, பெண்ணை ஆண் ஆக்கி ஏதோ உளறுகிறாள். லேபே சிரித்து, கை தட்டி, பாராட்டுகிறது.

அவள் டிபன். கருவாடு கொண்டுவந்தால்கூட மணக்கிறது என்கிறார்கள். நான் ஒரு தடவை கொண்டுபோனதற்கு ஜன்னலைத் திறந்தார்கள்.

எல்லாவற்றையும்விட, என்னிடமே வந்து கேட்பது. இன்று மதியம் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒருக்கா பாத்துச் சொல்லுதீயளா? நீங்க பாத்துட்டா எனக்குப் பயமே இல்ல."

பார்த்தேன். தேதி வாரியாக, வண்ணக் காகிதம் ஒட்டி, ஒரு தாள் விடாமல். குறை சொல்ல எதுவும் இல்லை. "சரியா இருக்கு" என்றேன்.

புளி மறந்தேன்.

ஜூலை 9, புதன்

மழை விட்டிருந்தது. வெயில்கூட.

இன்று ஒன்று செய்தேன்.

நாலு மணி டீக்கு எல்லோரும் கேன்டீன் போனார்கள். க.வின் மேஜையில் கோப்பு. ஜூன் 19-ஆம் தேதித் தாளை உருவினேன். புகார் வந்த சரக்கைச் சோதித்த தாள் அதுதான், ஆடிட்டர் முதலில் கேட்கப் போவது அதைத்தான். நான்காக மடித்து, டிபன் பையில், டப்பாவுக்கும் துண்டுக்கும் நடுவில். பிறகு நானும் போய் டீ குடித்தேன்.

திட்டம் போட்டுச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது என்று எழுத வந்தேன். பொய். காலையில் பஸ்ஸிலேயே எந்தத் தாள் என்று யோசித்துவிட்டேன். பக்கத்தில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

தாள் இப்போது பீரோவில், என் கல்யாணப் புடவைக்கு அடியில்.

ஜூலை 10, வியாழன்

ஆடிட்டர் கோப்பைப் புரட்டினார். ஒல்லி மனிதர், கோபமே வராத குரல். ஜூன் 19 எங்கே என்று கேட்டார். க. சிரித்துக்கொண்டே புரட்டினாள். திரும்பப் புரட்டினாள். அப்புறம் சிரிப்பு இல்லை. டிராயர், அலமாரி, பிரிண்டர் தட்டு எல்லாம் தேடினாள். பாட்டீல் சார் கழுத்து சிவந்துவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். தமிழில் கேட்டாள், அவசரத்தில் அவளுக்கு வேறு பாஷை வராது.

"அக்கா, செவ்வாக்கிழம நீங்களும் பாத்தீயள்லா? இருந்துச்சுல்லா?"

"நான் மேலோட்டமாத்தாம்மா பாத்தேன். ஞாபகம் இல்ல."

ஆடிட்டர் தன் தாளில் ஏதோ எழுதினார். பெரிய குறை என்று எழுதியிருக்கிறார், பிறகு தெரிந்தது. பாட்டீல் சார் எல்லோர் முன்னாலும் க.விடம், "உன்னை நம்பினேன் பார்" என்றார். அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

சாயங்காலம் கட்கியில் இறங்கி சூடாக வடாபாவ் வாங்கிப் போனேன். கால் தரையில் படவில்லை. வீட்டில் வெங்காய சாம்பார், அப்பளம். பாத்திரம் தேய்க்கும்போது பாடியிருக்கிறேன் போல.

ஜெனி சமையலறைக்கு எட்டிப் பார்த்தாள். "மம்மி, க்யா ஹுவா? நீ பாட்டு பாடுது."

"பாடக் கூடாதா?"

"நஹி, நல்லா இருக்கு. நீ பாடவே மாட்டுது, அதான்."

ஜூலை 11, வெள்ளி

கன மழை. ஷிக்ராபூரில் சாலை நிறையத் தண்ணீர்.

நேற்றைய சந்தோஷம் காலை வரைக்கும்கூட வரவில்லை.

க. பஸ்ஸில் பேசவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். லேபில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். மதியம் சாப்பிடாமல் பழைய தாள்களையெல்லாம் அடுக்கினாள். நடந்தது என்ன? ஒருத்தி டீ கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தர் பிஸ்கட். குல்கர்ணி சார் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலத்தில் தான் செய்த தவறுகளையெல்லாம் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தார். பதினான்கு வருடத்தில் என்னிடம் அவர் ஒரு தவறைச் சொன்னதில்லை.

அவளைத் தள்ளிவிட்டேன். விழுந்த இடத்தில் யாரோ மெத்தை போட்டு வைத்திருக்கிறார்கள்.



ஜூலை 12, சனி

பாட்டீல் சார் விசாரணை. கோப்பை யார் யார் தொட்டது?

லேபைக் கூட்டித் துடைத்து, தாள்களை ஜெராக்ஸுக்கு எடுத்துப் போய்வரும் சுனிதா என்று ஒரு பெண். ஒப்பந்த ஆள். முப்பத்தைந்து இருக்கும். அதிகம் பேசமாட்டாள். குப்பையோடு குப்பையாகத் தாளைப் போட்டிருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். பாட்டீல் சார் என்னைக் கேட்டார்: "புதன்கிழமை அவள் அந்த மேஜைப் பக்கம் இருந்தாளா?"

"இருந்திருக்கலாம்" என்றேன். இருந்திருக்கலாம். எவ்வளவு லேசான சொல்.

சுனிதா என்னையே பார்த்தாள். "மேடம், மீ நாஹி கேல" என்றாள். நான் செய்யவில்லை என்று. இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

திங்கள் முதல் மிக்ஸிங் பகுதிக்கு அவளை மாற்றிவிட்டார்கள். ரப்பரோடு கரிப்பொடி கலக்கும் இடம். அங்கே வேலை செய்பவர்களின் நகக்கண்ணைப் பார்த்தாலே தெரியும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

இதற்காக நான் அதைச் செய்யவில்லை. எதற்காகச் செய்தேன் என்றால், அதற்கும் பதில் அவ்வளவு நன்றாக இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச். திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை, தலைவலி என்றேன். சாமுவேல் மட்டும் போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனியிடம் எரிந்து விழுந்தேன். காரணம், தயிர்ப் பாத்திரத்தை மூடவில்லை. அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாமுவேல் ஈரத் துணியைக் காயப்போட்டுக்கொண்டே கேட்டார். "இன்னா ஷீலா, மூணு நாளா மூஞ்சி ஒரு மாதிரி கீது. ஃபேக்டரில ஏதாவது லஃப்டாவா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா அந்தப் பொண்ணுகிட்ட ஏன் கத்துற? தயிரு இன்னா பண்ணுச்சு உன்னை?"



ஒன்று கவனித்தேன். க.விடம் என் கோபம் குறையவில்லை, கூடியிருக்கிறது. அவள் ஏதோ எனக்குச் செய்துவிட்ட மாதிரி. அவள் முகத்தை நினைத்தாலே பல்லைக் கடிக்கிறேன். நான் அவளுக்குச் செய்ததை அவள் முகம்தான் ஞாபகப்படுத்துகிறது, அதனால் அந்த முகம் பிடிக்கவில்லை. இது நியாயமா என்று கேட்டால் இல்லை.

ஜூலை 14, திங்கள்

க. இன்று பஸ்ஸில் பேசினாள்.

"அக்கா, சுனிதாவ மாத்துனது எனக்குச் சரியாப் படல. சனிக்கிழமையே பாட்டீல் சார்ட்ட போயி, என் கவனக்குறைவுதான், அவள மறுபடி லேபுக்கே விடுங்கன்னு சொல்லிப் பாத்தேன்."

"அவர் இன்னா சொன்னாரு?"

"முடியாதுன்னுட்டாரு. வேணும்னா என்னைய மிக்ஸிங்குக்குப் போடுங்கன்னேன். சிரிச்சாரு." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி: "நான்தான் எங்கயோ வச்சுத் தொலச்சிட்டேன்க்கா. அவ பாவம், என்ன செஞ்சா?"

எனக்கு அப்போது வந்தது வருத்தம் இல்லை. எழுதியே ஆக வேண்டும், யாரும் படிக்கப் போவதில்லை. எனக்கு வந்தது பொறாமை. நல்லவளாக இருப்பதிலும் எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். செய்யாத தப்பைத் தன் தப்பு என்று அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள். செய்த நான் ஜன்னலில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு "பாவம்தான்" என்றேன்.

மதியம் மிக்ஸிங் பக்கம் போனேன், வேலை இருப்பதுபோல. வெளிக் குழாயில் சுனிதா கை கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கறுப்பு. சோப்பு நுரையே கறுப்பாக ஓடியது. என்னைப் பார்த்துக் குழாயை மூடிவிட்டு, பாதிக் கழுவிய கையோடு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

தாளைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். அலமாரிக்குப் பின்னால் போட்டுவிடலாம், யாராவது கண்டெடுக்கட்டும் என்று எண்ணம். அலமாரிப் பக்கம் மூன்று தடவை போய் வந்தேன். அங்கே கிடைத்தாலும் சுனிதா கூட்டும்போது விழுந்தது என்றுதான் சொல்வார்கள். மடிப்பு வேறு நான்காக இருக்கிறது. தானாக விழும் தாள் மடங்காது.

திரும்பக் கொண்டுவந்தேன்.

ஜெனிக்கு அவள் கேட்ட பனீர் செய்தேன். சாப்பிட்டாள்.

ஜூலை 16, புதன்

பாட்டீல் சார் அறை. தாளை மேஜையில் விரித்து வைத்தேன். மடிப்புகளை நீவிவிட்டேன், எதற்கென்று தெரியவில்லை.

"எங்கே கிடைத்தது?" என்றார்.

"கிடைக்கவில்லை சார். நான் எடுத்தேன்."

அவர் முதலில் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு சொன்னதுதான் நான் எதிர்பாராதது.

"ஷீலா மேடம், இது முடிந்துபோன விஷயம். உதவியாளரின் கவனக்குறைவு, ஆளை மாற்றிவிட்டோம் என்று பதில் அனுப்பியாயிற்று. அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இதைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்."

ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், போய்விடலாம் என்றிருந்தது. யாருக்கும் தெரியாது. குல்கர்ணி சாரின் நாற்காலிகூட எனக்கே வரலாம். பாட்டீல் சாரின் பார்வையில் அதுவும் இருந்தது.

"சுனிதா மிக்ஸிங்கில் இருக்கிறாள் சார்."

"அவள் ஒப்பந்த ஆள்."

"எழுதிக் கொடுக்கிறேன் சார்."

"எழுதினால் உங்களை நான் லேபில் வைத்திருக்க முடியாது. புரிகிறதா?"

நாலு வரி. கையெழுத்து. அந்த நேரத்திலும் உள்ளே ஒரு குரல்: இப்போது க. இன்னும் உயர்ந்துவிடுவாள், பார். பேனாவை வைத்துவிட்டு வந்தேன்.

க. மெஷினில் ரப்பர்ப் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். அது அறும் வரை காத்திருந்தேன். தமிழில் சொன்னேன், சுற்றி இருப்பவர்களுக்குப் புரியாது.

"அந்தத் தாள நான்தான் எடுத்தேன் கவிதா. உன் மேல பொறாமை."

அவள் அறுந்த துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தாள்.

"உங்க தோள்லதானக்கா தினமும் தூங்கிட்டு வாரேன்" என்றாள்.

நான் நின்றேன்.

"சுனிதாட்ட சொல்லிட்டீயளா?"

"இல்ல."

"அப்ப என்ட்ட எதுக்கு நிக்கீய? மொதல்ல அங்க போங்க."

போகவில்லை. இன்று அவ்வளவுதான் முடிந்தது. பஸ்ஸில் என் பக்கத்து ஸீட் காலி. வாகோலியில் யாரோ பை வைத்தார்கள்.

ஜூலை 17, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

டீ நேரத்துக்கு முன் மிக்ஸிங் போனேன். சுனிதாவை ஓரமாகக் கூப்பிட்டு மராத்தியில் சொன்னேன். எல்லாவற்றையும். "இருந்திருக்கலாம்" என்று சொன்னதையும் சேர்த்து.

அவள் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தபடி கேட்டாள். முடிந்ததும், "இங்கே ஏன் சொல்கிறீர்கள்?" என்றாள்.

"உன்னிடம் மன்னிப்பு..."

"இங்கே மெஷின் சத்தம். யாருக்கும் கேட்காது. கேன்டீனில்தான் நான் குப்பையில் போட்டேன் என்று பேசினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அங்கே சொல்லுங்கள்."

குரலை உயர்த்தவே இல்லை. நாளைக்கு என்றேன். "மதியம் ஒன்றரைக்கு எல்லோரும் இருப்பார்கள்" என்று நேரத்தையும் சொன்னாள்.

வீட்டில் சாமுவேலிடம் சொல்லிவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், ஒரு செருப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைசியில், "நாளிக்கு நா வேணா லீவு போட்டுட்டு வரட்டா?" என்றார். அங்கே வந்து இவர் என்ன செய்வார்? சிரிப்பு வந்தது, கூடவே அழுகை.

ஜூலை 18, வெள்ளி

சொன்னேன்.

தட்டோடு எழுந்து நின்றேன், தட்டைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. இருநூறு பேர் இருக்கும். முதலில் பக்கத்து மேஜைக்கு மட்டும் கேட்டது. யாரோ "சத்தமாக" என்றார்கள். திரும்ப முதலிலிருந்து. தாளை எடுத்தது நான். சுனிதா தொடவில்லை. அவள் இருந்தாளா என்று கேட்டபோது இருந்திருக்கலாம் என்று சொன்னதும் நான். அவள் மேல் ஒரு தவறும் இல்லை.

பின்னால் ஒருத்தர், "இத்தனை வருஷ ஆள், இப்படியா?" என்றார். அது காதில் விழுந்தது. விழத்தான் வேண்டும்.

சுனிதா தலை நிமிராமல் பாக்ரி ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தோளைத் தொட்டாள். சுனிதா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். நீங்களும்தானே நம்பினீர்கள் என்பதுபோல. பிறகு எழுந்து, தட்டைக் கழுவி வைத்து, வெளியே போனாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.



ஜூலை 21, திங்கள்

தூறல். ஜிப் தைத்தாயிற்று.

லேபிலிருந்து ஸ்டோருக்கு மாற்றல். வருகிற மூட்டைகளை எண்ணிச் சீட்டு ஒட்டும் வேலை. ஜன்னல் இல்லை. சுனிதா மறுபடி லேபில், அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவ்வளவே.

சனி, ஞாயிறு தூங்கினேன். ஜெனியிடம் தயிர் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன், எந்தத் தயிர் என்றாள்.

மூன்று மணிக்கு அறிவிப்பு. குல்கர்ணி சார் இடத்துக்கு க. தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் நெஞ்சில் அதே சுருக், அதே இடத்தில். தாளைத் திருப்பிக் கொடுத்தேன், இது மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

நாலு மணிக்கு ஸ்டோர் வாசலில் அவளே வந்து நின்றாள். கையில் பேடா இனிப்புப் பெட்டி. எல்லாப் பகுதிக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக வந்திருப்பாள் போல, நாலைந்துதான் மிச்சம். பெட்டியை என் மேஜையில் வைத்தாள். உட்காரவில்லை.

"வாழ்த்துகள் கவிதா" என்றேன்.

"மனசாரச் சொல்லுதீயளா?"

யோசித்தேன்.

"இல்ல" என்றேன். "இன்னும் வரல."

அவள் மூட்டைகளைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் முன்போல் இல்லை. "சரி, வந்தா சொல்லுங்க" என்று பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

எல்லோரும் போனபின் ஒன்று எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. அதுவும் எரிச்சல்.